மதியப் பந்திக்கு மட்டும் போகட்டும்

வாசகர் கேள்வி

"திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. கணவர் நூல் மில்லில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். நான் வீட்டில் ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். மகனுக்குப் பதினாறு வயது. பிளஸ் ஒன், காமர்ஸ் குரூப். ஆவணியில் இருந்து முகூர்த்த நாட்களில் ஒரு கேட்டரிங் செட்டோடு சப்ளைக்குப் போகிறான். ஃப்ரெண்ட் வீட்டில் படிக்கப் போவதாகத்தான் முதலில் சொன்னான். ஒரு நாள் ராத்திரி ஒரு மணிக்குச் சட்டையெல்லாம் சாம்பார் கறையோடு வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஒரு வேளைக்கு 400 ரூபாய். சாயங்காலம் 4 மணிக்குப் போய், மண்டபத்திலேயே படுத்து, காலை டிபனும் முடித்து 11 மணிக்கு வந்தால் 800. இதுவரை 6,400 ரூபாய் வாங்கியிருக்கிறான். போன் வாங்க வேண்டுமாம். இரண்டு கல்யாணத்துக் காசு இன்னும் வரவில்லை. 'படிக்கிற பையன் எச்சில் இலை எடுக்கப் போவானா' என்று அவன் அப்பா கத்துகிறார். இருவரும் பேசி ஒரு வாரம் ஆகிறது. போன மாதம் சிலிண்டருக்குக் காசில்லாமல் அவனிடம் 1,000 ரூபாய் வாங்கினேன். அதை நினைத்தால் எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. இந்த வயதில் சம்பாதிக்க விடலாமா? வேறு நல்ல வழி இருக்கிறதா?"

ஆடிட்டரின் பதில்

அன்புச் சகோதரிக்கு,

சம்பாதிக்க விடலாம், தயங்காமல் விடுங்கள். ஆனால் ராத்திரிப் பந்திக்கு மட்டும் இனி ஒரு நாளும் அனுப்பாதீர்கள். காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். அதற்கு முன்னால், கடிதத்தின் கடைசியில் நீங்கள் கூச்சத்தோடு எழுதிய அந்த ஆயிரம் ரூபாயைப் பற்றிப் பேச வேண்டும். எனக்கு உங்கள் கடிதத்தில் முக்கியமாகப் பட்டது அதுதான்.

1985-ல் எனக்கும் பதினாறு வயது. பிளஸ் ஒன் முடித்த கோடை விடுமுறையில் மதுரை கீழமாசி வீதியில் ஒரு பலசரக்கு மண்டியில் கணக்கு எழுதச் சேர்ந்தேன். சிட்டையில் இருப்பதைப் பேரேட்டில் ஏற்றுவது வேலை. பக்கத்திலேயே வற்றல் மூட்டைகள். அந்த நெடியில் தும்மிக்கொண்டே எழுதுவேன். மாதம் 120 ரூபாய். முதல் மாதச் சம்பளத்தை அப்பா கையில் கொடுத்தபோது அவர் முகத்தில் தெரிந்த சந்தோஷம் இன்றும் என் கண்ணுக்குள் இருக்கிறது. இரண்டாம் மாதச் சம்பளத்தில் பால்காரர் பாக்கி தீர்ந்தது. ஜூனில் பள்ளி திறந்தது. நின்றுகொள்கிறேன் என்றேன். யாரும் கோபப்படவில்லை. "பால் கணக்கு இருக்கேப்பா, இன்னும் ரெண்டு மாசம் போயிட்டு வா" என்று அப்பா தணிந்த குரலில் கேட்டார். அந்த இரண்டு மாதம் பங்குனி வரைக்கும் நீண்டது. பள்ளி விட்டு ஐந்து மணிக்குப் போனால் பத்து மணிக்குத்தான் வருவேன். பிளஸ் டூவில் கணக்குப்பதிவியல் தவிர மற்ற எல்லாப் பாடத்திலும் மதிப்பெண் சரிந்தது.

அப்பா வேண்டுமென்று செய்யவில்லை. ஒரு வருமானம் வீட்டுக்குள் வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டால், செலவு அதற்குத் தகுந்தபடி உட்கார்ந்துகொள்கிறது. அப்புறம் அதை எழுப்புவது கஷ்டம். பிள்ளைகள் சம்பாதிப்பதைப் பற்றி யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "இந்த வாரம் நான் போகவில்லை" என்று பிள்ளை சொன்னால், வீட்டில் யாருக்காவது நெஞ்சு திக்கென்கிறதா? இல்லை என்றால் எந்தப் பயமும் வேண்டாம். ஆமாம் என்றால், அவன் சம்பாதிக்கக் கற்றுக்கொள்ளும் கட்டத்தைத் தாண்டிவிட்டான், வீட்டுப் பாரத்தைத் தூக்கத் தொடங்கிவிட்டான் என்று அர்த்தம். பதினாறு வயதுத் தோளுக்கு அது கூடாது. உங்களுக்கு "ஒரு மாதிரி" இருந்தது இதனால்தான். அந்தக் கூச்சம் நல்லது.

ஆகவே அந்த ஆயிரத்தைத் திருப்பிக் கொடுங்கள். மொத்தமாக முடியாவிட்டால் மாதம் 250 என்று நான்கு மாதத்தில் கொடுங்கள். "அம்மாவுக்குத்தானே கொடுத்தேன், வேண்டாம்" என்பான். அன்பாகச் சொல்வான், மனதாரவும் சொல்வான். இருந்தாலும் கொடுத்துவிடுங்கள். தன் பணம் தன்னுடையது என்று அவனுக்குத் தெரிய வேண்டும். அடுத்த முறை வீட்டுக்கு அவசரம் என்றால் கேட்கலாம், வாங்கலாம். கைமாற்றாக வாங்கியது என்று இருவருக்கும் தெரிந்திருந்தால் போதும்.

இனி ராத்திரிப் பந்திக்கு வருகிறேன்.

குழந்தை மற்றும் வளரிளம் பருவத் தொழிலாளர் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. 1986-ல் வந்தது, 2016-ல் திருத்தினார்கள். அதன்படி பதினான்கு வயதுக்குக் கீழ் இருப்பவர்களை வேலைக்கு வைக்கவே கூடாது. பள்ளி நேரம் போக சொந்த வீட்டுத் தொழிலில் உதவுவதற்கும், சினிமா, சீரியல், விளம்பரத்தில் நடிப்பது போன்றவற்றுக்கும் மட்டும் நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. பதினான்கு முதல் பதினெட்டு வரை இருப்பவர்கள் வேலை பார்க்கலாம். சுரங்கம், தீப்பற்றும் பொருள் அல்லது வெடிபொருள், ஆபத்தான தொழிற்சாலை வேலைகள் மட்டும் கூடவே கூடாது. தீபாவளி சீசனில் பட்டாசுக் கடையில் நிற்க நம் பக்கத்துப் பையன்களைக் கூப்பிடுவார்கள். அதற்கும் சரி என்று சொல்லிவிடாதீர்கள்.

அனுமதித்த வேலைக்கும் நேரக் கட்டுப்பாடு உண்டு. இரவு ஏழு மணி முதல் காலை எட்டு மணி வரை வேலை வாங்கக் கூடாது. தொடர்ந்து மூன்று மணி நேரம் பார்த்தால் ஒரு மணி நேரம் ஓய்வு தர வேண்டும். ஓய்வையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஆறு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வேலைக்காகக் காத்திருக்கும் நேரமும் அந்த ஆறு மணி நேரத்துக்குள் அடக்கம். ஓவர்டைம் கிடையாது. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு.

இதை உங்கள் மகனுடைய முகூர்த்த நாளோடு பொருத்திப் பாருங்கள். சாயங்காலம் நான்கு மணிக்கு மண்டபத்துக்குப் போகிறான். டேபிள் துடைப்பது, பேப்பர் விரிப்பது, தண்ணீர் பாட்டில் அடுக்குவது என்று ஏழு மணி ஆகிவிடும். ரிசப்ஷன் பந்தி பத்தரை வரை. கூட்டிப் பெருக்கி, தான் சாப்பிட்டு, டைனிங் ஹாலில் ஜமக்காளத்தை விரிக்கும்போது பன்னிரண்டரை. விடிகாலை நான்கரைக்குக் காபி வாளியோடு எழுப்பிவிடுவார்கள். காலைப் பந்தி முடிந்து பஸ் பிடித்து வீட்டுக்கு வர பதினொன்று. நான்கு மணிக்குக் கிளம்பியதில் இருந்து எண்ணினால் பத்தொன்பது மணி நேரம். 800 ரூபாயை 19-ஆல் வகுத்தால் மணிக்கு 42 ரூபாய். அதற்காக ஒரு ராத்திரித் தூக்கமும் மறுநாள் படிப்பும் போகிறது.

ஞாயிற்றுக்கிழமை மதியப் பந்திக்கு மட்டும் போகிறான் என்று வையுங்கள். பதினொரு மணிக்குப் போகிறான். நடுவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு நான்கு மணிக்குக் கிளம்புகிறான். ஐந்து மணி நேரத்துக்கு 400 ரூபாய் என்றால் மணிக்கு 80. ஏறக்குறைய இரண்டு மடங்கு. சட்டத்துக்கும் உட்பட்டது, ராத்திரி வீட்டில் தூங்குவான். கல்யாணம் என்றில்லை, காதுகுத்து, புதுமனை புகுவிழா, வளைகாப்பு என்று ஞாயிறு மதியத்திலும் பந்தி இருக்கும். "ராத்திரி வராதே" என்று வெறுமனே சொன்னால் அவன் கேட்கமாட்டான். இந்த வகுத்தல் கணக்கை அவனையே ஒரு தாளில் போடச் சொல்லுங்கள். காமர்ஸ் படிக்கிற பிள்ளை, விடையைப் பார்த்ததும் புரிந்துகொள்வான்.

மண்டபத்தில் எந்த வேலையைச் செய்யலாம், எதை மறுக்கலாம் என்றும் சொல்லி அனுப்புங்கள். இலை போடுவது, தண்ணீர், உப்பு, ஊறுகாய், கூட்டு, பொரியல், அப்பளம் எல்லாம் சரி. கொதிக்கிற சாம்பாரையும் ரசத்தையும் அண்டாவில் இருந்து வாளிக்கு மாற்றும் வேலை வேண்டாம். ஈரத் தரை, வழுவழுப்பான வாளிக் கைப்பிடி, பின்னால் இருந்து அவசரப்படுத்தும் குரல், மூன்றும் சேர்ந்தால் ஒரு நொடி போதும். கேட்டரிங் கணக்குகளைப் பார்க்கும் ஆள் என்பதால் எனக்குத் தெரியும், தீக்காயத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொடுத்த காசு "இதரச் செலவு" என்ற தலைப்பில் சின்னத் தொகையாக வந்து உட்கார்ந்திருக்கும். சப்ளைக்கு வரும் பையன்களின் பெயர் எங்கேயும் இருக்காது. "ஆள் கூலி" என்று ஒரே வரியில் மொத்தமாகப் போட்டிருப்பார்கள். பெயரே இல்லாத இடத்தில் காயம் பட்டால் யாரிடம் போய்க் கேட்பது?

போக வர வண்டி விஷயத்திலும் கவனமாக இருங்கள். உங்கள் வீட்டில் எக்ஸெல் இருந்தால் சாவி அவன் கைக்குப் போகக் கூடாது. பதினாறு வயதில் கிடைக்கும் உரிமம் 50 சிசிக்குள் இருக்கும் கியர் இல்லாத வண்டிக்குத்தான். இன்றைய எக்ஸெல் கிட்டத்தட்ட 100 சிசி. பதினெட்டு ஆகாத பிள்ளை ஓட்டிப் பிடிபட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் வந்த திருத்தத்தின்படி பெற்றவருக்கோ வண்டிச் சொந்தக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு ஒரு வருடத்துக்கு ரத்தாகும். பையனுக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. உணவு டெலிவரி வேலைக்கு ஆசைப்பட்டாலும் இதே பதில்தான், பதினெட்டு ஆகட்டும்.

அவன் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் கோபத்தை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ராத்திரி ஷிப்ட் பார்ப்பவருக்குத்தான் தூக்கம் கெட்டால் உடம்பு என்ன பாடுபடும் என்று தெரியும். தன் பிள்ளைக்கு அது வரக் கூடாது என்கிற பயம், "எச்சில் இலை" என்ற வார்த்தையாக வெளியே வந்துவிட்டது. ஆனால் அந்த வார்த்தையை அவர் திரும்பப் பெற வேண்டும். நாலு பேர் வயிறாரச் சாப்பிடப் பரிமாறுவதும், சாப்பிட்ட இடத்தைச் சுத்தம் செய்வதும் கேவலம் என்று பிள்ளை மனதில் பதிந்துவிட்டால், நாளைக்கு அந்த வேலை செய்கிறவர்களை அவன் எப்படிப் பார்ப்பான்? "வேலை தப்பில்லடா, நேரம்தான் தப்பு" என்று அவர் வாயால் ஒரு தடவை சொன்னால் போதும்.

இருவரும் பேச ஒரு வழியும் இருக்கிறது. அந்த இரண்டு கல்யாணத்துப் பாக்கியை வாங்க அப்பாவும் மகனும் சேர்ந்து போகட்டும். சண்டைக்குப் போக வேண்டாம். எந்தத் தேதி, எந்த மண்டபம், எத்தனை வேளை, எவ்வளவு வர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கையில் எடுத்துக்கொண்டு போகட்டும். பையன் தனியாகக் கேட்டால் "அடுத்த முகூர்த்தத்துக்குப் பார்க்கலாம் தம்பி" என்பார்கள். அப்பா பக்கத்தில் நின்றால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். தன் உழைப்புக்கு அப்பா வந்து நின்றார் என்பதை அவன் வாழ்நாளுக்கும் மறக்கமாட்டான். அப்படியும் தராவிட்டால் மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் விசாரிக்கலாம். பெரும்பாலும் அதுவரை போகாது. இனிமேல் போகும் மதியப் பந்திக்கு அன்றன்றைக்கே கூலி என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

வேறு நல்ல வழி இருக்கிறதா என்று கேட்டீர்கள். உங்கள் தையல் மெஷினுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

உங்களிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும் பெண்கள் எல்லாரும் சேலை கட்டுகிறவர்கள். கல்யாணத்துக்கு முன்பே சேலையை மடித்து, அயர்ன் செய்து, கிளிப் போட்டுப் பெட்டி மாதிரி மடித்துத் தரும் பிளீட்டிங் வேலை இப்போது கிராமம் வரை வந்துவிட்டது. எங்கள் அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண் தங்கை கல்யாணத்துக்கு மூன்று பட்டுச் சேலைகளைக் கொடுத்து, சேலைக்கு 200 ரூபாய் வீதம் மடித்து வாங்கி வந்தார். மடித்துக் கொடுத்தது ஒரு கல்லூரிப் பையன் என்றார். முந்தானை மடிப்பின் அகலம் நாலு விரலா அஞ்சு விரலா, இடுப்பளவு என்ன, உயரம் என்ன என்று கேட்டுக் குறித்துக்கொண்டானாம். கொசுவம் ஒவ்வொன்றும் கீழ் ஓரத்தில் ஒரே கோட்டில் நிற்க வேண்டும், அங்கேதான் கைத்திறமை. பட்டு என்றால் ஜரிகை மேல் இஸ்திரிப் பெட்டி நேராகப் படக் கூடாது. மேலே ஒரு பருத்தித் துணியை விரித்து, சூட்டைக் குறைத்துத் தேய்க்க வேண்டும். இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. முதலில் உங்கள் பழைய சேலைகளில் பத்து தடவை மடித்துப் பழகட்டும். ஆண் பிள்ளை சேலை மடிப்பதா என்று யாராவது கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். பட்டுச் சேலையை நெய்கிறவர்களில் ஆண்கள் எத்தனை பேர் என்று அவர்கள் யோசிக்கட்டும்.

முந்தானைக்குக் குஞ்சம் கட்டுவது, ஃபால்ஸ் அடிப்பது, ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைப்பது எல்லாம் இதோடு சேர்ந்தவை. எதைச் செய்தாலும் ஜாக்கெட்டுக்கு இவ்வளவு, சேலைக்கு இவ்வளவு என்று அவனோடு முன்கூட்டியே பேசிக் கூலி கொடுங்கள். வீட்டு வேலைதானே என்று சும்மா வாங்காதீர்கள். அவன் பேரம் பேசினால் பேசட்டும், நல்லதுதான். உங்கள் பக்கமும் ஒரு லாபம் இருக்கிறது. தையல் கூலியில் எவ்வளவு பாக்கி நிற்கிறது என்று உங்களில் பலர் எழுதி வைப்பதில்லை. தீபாவளிக்குத் தைத்த ஜாக்கெட்டுக்குப் பொங்கலுக்குக் காசு வரும், சிலது வராமலே போகும். யார், என்ன தேதி, எத்தனை துணி, முன்பணம் எவ்வளவு, மீதி எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதும் பொறுப்பை அவனிடம் கொடுங்கள். பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் புத்தகத்தில் கடனாளி என்று படித்தது பக்கத்து வீட்டு அக்காவாக வந்து நிற்கும்போது பாடம் தானாகப் புரியும். மாதம் ஒரு தொகை அதற்கும் சம்பளமாகக் கொடுங்கள். சிலிண்டர் காசு அந்தப் பாக்கிக்குள்ளேயே இருந்திருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

தெருவில் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது படிக்கும் பிள்ளைகள் இருந்தால் சாயங்காலம் ஐந்தரை முதல் ஆறே முக்கால் வரை டியூஷன் எடுக்கலாம். ஐந்து பிள்ளைகள், தலைக்கு 300 ரூபாய் என்றால் மாதம் 1,500. சொல்லிக் கொடுக்கும் பொறுமை அவனுக்கு இருக்கிறதா என்பது உங்களுக்குத்தான் தெரியும். இல்லாவிட்டால் கட்டாயப்படுத்த வேண்டாம், பிள்ளைகள் பாவம்.

கொஞ்சம் தள்ளிப் பலன் தரும் வழி ஒன்றும் உண்டு. டவுனில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்த்துத் தமிழும் ஆங்கிலமும் பழக விடுங்கள். அரசுத் தொழில்நுட்பக் கல்வித் துறை நடத்தும் லோயர், ஹையர் தேர்வுகளை எழுதி வைத்தால், பின்னால் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தட்டச்சர் பணிக்கு அது தகுதி. அதற்கு முன்பே, பிழையில்லாமல் தமிழ் டைப் செய்யத் தெரிந்த பையனை ஜெராக்ஸ் கடைக்காரர் தேடிப் பிடிப்பார். மனு, பத்திரிகை, பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ் என்று வேலை வந்துகொண்டே இருக்கும். சந்திப்பிழை இல்லாமல் ஓர் அழைப்பிதழைக் கண்டு எனக்கு வெகு நாளாகிறது.

போன் வாங்கும் முன்பே பேசிவிட வேண்டிய ஒன்று இருக்கிறது. போன் கைக்கு வந்ததும் "வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்" என்று செய்திகள் வரும். வீடியோவுக்கு லைக் போட்டால் 50 ரூபாய் என்பார்கள். முதல் நாள் உண்மையிலேயே 150 ரூபாய் வரும். மூன்றாம் நாள் "ப்ரீமியம் டாஸ்க்குக்கு 2,000 கட்டு, 2,800 ஆகத் திரும்பும்" என்பார்கள். கட்டிய பணம் போனது போனதுதான். சம்பளம் தருகிறவன் முன்பணம் கேட்கமாட்டான் என்ற ஒன்றை மட்டும் அவன் மண்டையில் ஏற்றிவிடுங்கள்.

அதைவிட மோசமானது, "உன் பேங்க் அக்கவுண்ட்டையும் ஏடிஎம் கார்டையும் கொடு, மாதம் ரெண்டாயிரம் தருகிறேன்" என்பது. எங்கோ யாரையோ ஏமாற்றிய பணம் இவன் கணக்கு வழியாகப் போகும். போலீஸ் முதலில் தேடி வருவது கணக்குக்குச் சொந்தக்காரனை. ஸ்கூல் பையன், கல்லூரிப் பையன் என்று பார்த்துத்தான் இப்படிக் கேட்கிறார்கள். தெரியாமல் மாட்டிக்கொண்டால் மறைக்காமல் உங்களிடம் சொல்லும்படி வையுங்கள். உடனே 1930-க்கு போன் செய்ய வேண்டும். பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025-ல் மத்திய அரசு சட்டம் போட்டே தடை செய்துவிட்டது. அதிலும் வருமானம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். யூடியூப் சேனல் தொடங்க ஆசைப்பட்டால் தொடங்கட்டும். விளம்பரப் பணம் வர ஆயிரம் சந்தாதாரர்களும் ஒரு வருடத்துக்குள் நாலாயிரம் மணி நேரப் பார்வையும் வேண்டும், பதினெட்டு ஆகும்வரை பணம் பெரியவர் ஒருவர் கணக்கு வழியாகத்தான் வரும். பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளலாம்.

அந்த 6,400 ரூபாய் இப்போது எங்கே இருக்கிறது? பீரோவிலா, நோட்டுக்குள்ளா? அவன் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். பத்து வயது நிறைந்த பிள்ளைகள் தாங்களே கணக்கு தொடங்கி நடத்த வங்கிகள் அனுமதிக்கலாம் என்று ரிசர்வ் வங்கியின் விதி இருக்கிறது. 2025 ஏப்ரலில் அதைப் புதுப்பித்தும் இருக்கிறார்கள். எவ்வளவு வரை வைக்கலாம் என்பதை அந்தந்த வங்கி முடிவு செய்யும். தபால் நிலையத்திலும் 500 ரூபாயில் தொடங்கலாம். ஆறாவதில் இருந்து அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ தமிழ் வழியில் படித்து வருகிறவன் என்றால், கல்லூரிக்குப் போனதும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கே வரும். இப்போதே பழகிக்கொள்வது நல்லது.

வருமான வரியை நினைத்துப் பயப்படாதீர்கள். உடலுழைப்பாலோ தன் திறமையாலோ பிள்ளை சம்பாதிப்பது அவனுடைய வருமானமாகவே இருக்கும், உங்கள் கணவர் வருமானத்தோடு சேர்க்கமாட்டார்கள். அவன் பெயரில் வரும் வட்டியை மட்டும் பெற்றோரில் அதிக வருமானம் உள்ளவர் கணக்கில் சேர்ப்பார்கள். இந்தத் தொகைகளுக்கு வரி என்ற பேச்சே எழாது.

போன் வாங்கட்டும். தன் காசில் தான் ஆசைப்பட்டதை வாங்குவதைத் தடுத்தால், அவன் அடுத்த தடவை சம்பாதிப்பதையே உங்களிடம் மறைப்பான். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், தவணையில் வேண்டாம். பதினெட்டு ஆகாதவர் போடும் ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது என்பதால் கடைக்காரர் உங்கள் பெயரிலோ உங்கள் கணவர் பெயரிலோதான் தவணை போடுவார். மாதாமாதம் கட்ட வேண்டும் என்று வந்துவிட்டால் அவனுக்கு முகூர்த்தத்தை விட முடியாது. மறுபடி ராத்திரிப் பந்திதான். கையில் இருக்கும் காசுக்கு எது கிடைக்கிறதோ அது போதும், செகண்ட் ஹேண்டாக இருந்தாலும் பில்லோடு வாங்கட்டும்.

அடுத்த வருடத்தையும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூ பொதுத் தேர்வு மார்ச்சில் வரும். தை, மாசி, பங்குனி முகூர்த்தங்கள் சரியாக அந்த நேரத்தில் விழும். செட்டில் இருந்து போன் மேல் போன் வரும், ஆள் கிடைக்காத சமயத்தில் கூலியையும் ஏற்றிச் சொல்வார்கள். கார்த்திகையோடு நிறுத்திவிட்டுத் தேர்வு முடிந்த மறுநாள் போகலாம் என்று அவன் வாயாலேயே சொல்ல வையுங்கள். மார்கழியில் எப்படியும் கல்யாணம் கிடையாது, நிறுத்த அதுதான் நல்ல இடம்.

கடைசியாக ஒரு வேலை. இருபது ரூபாய்க்குக் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. ஆவணியில் இருந்து போன ஒவ்வொரு மண்டபத்தையும் ஞாபகப்படுத்தி அவன் வரவில் எழுதட்டும். வராத இரண்டு கல்யாணத்துப் பாக்கியைத் தனியாக ஒரு பக்கத்தில் எழுதட்டும். அந்த ஆயிரத்தை மட்டும் அவனை எழுத விடாதீர்கள். வலது பக்கத்தில், தேதி போட்டு, "அம்மாவுக்குக் கைமாற்று 1,000" என்று நீங்களே உங்கள் கையெழுத்தில் எழுதிக் கொடுங்கள்.